நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மலைச்சரிவில் தடம் வெட்டுவது எப்படி?

புதிதாக வெட்டிய தடம் இரண்டே மழையில் வாய்க்காலாகிக் கிடப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். வெட்டியவர்கள் உழைக்காமல் இல்லை. கோடு தவறிவிட்டது. நடப்பவர் காலும் சைக்கிள் சக்கரமும் மண்ணைக் கிளறிவிடும், அவ்வளவுதான். அதை அள்ளிக்கொண்டு போவது தண்ணீர். ஆகவே ஒரே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்: மேலிருந்து வரும் தண்ணீர் இந்தத் தடத்தைக் குறுக்கே கடந்து கீழே போய்விடுமா, தடத்தோடு சேர்ந்து நடக்குமா? சேர்ந்து நடந்தால் தடம் போச்சு. கீழே வரும் அளவுகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

அனுமதி

நிலம் பொதுவானது என்றாலும் அதை நிர்வகிக்க ஒரு துறை இருக்கும். அவர்கள் எழுத்தில் சம்மதிக்கும் வரை ஒரு கிளையைக்கூட வெட்டாதீர்கள். விண்ணப்பத்தில் தடத்தின் வரைபடம், அகலம், யார் யார் பயன்படுத்தப் போகிறார்கள், கையால் வேலையா இயந்திரமா, விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு, வேலை முடிந்த பிறகு பராமரிப்பது யார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத விண்ணப்பம்தான் பெரும்பாலும் மேசையிலேயே தூங்கும்.

ஒரு நுணுக்கம்: ஒற்றைக் கோட்டுக்கு அனுமதி கேட்காதீர்கள். கோட்டின் இரு பக்கமும் 15, 20 மீட்டர் சேர்த்து ஒரு பட்டையாகக் கேளுங்கள். அரிய தாவரம், கூடு கட்டும் இடம், பழைய கட்டுமானத் தடயம் ஆகியவற்றுக்கான ஆய்வும் அந்தப் பட்டை முழுவதற்கும் நடக்கட்டும். தோண்டும்போது கோட்டுக்கு நடுவே ஒரு பாறை முளைத்தால், மறுபடி அலுவலக வாசலில் நிற்காமல் நாலு மீட்டர் தள்ளிப் போக இடம் இருக்கும்.

கோடு போடுவது

முதலில் வரைபடத்தில் இரண்டு வகைப் புள்ளிகளைக் குறியுங்கள். தடம் கட்டாயம் தொட வேண்டியவை: தொடக்கம், முடிவு, நல்ல காட்சி தெரியும் பாறை, ஓடையைக் கடக்கத் தோதான இடம். தொடவே கூடாதவை: சதுப்பு, கூடுகள், தனியார் எல்லை, மண் சரியும் பகுதி. காட்சிப் பாறையை முதல் வகையில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. தடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி ஒரு நல்ல காட்சி இருந்தால் ஜனங்கள் தாங்களே குறுக்கு வழி போட்டுக்கொள்வார்கள், அதுவும் மிகச் செங்குத்தான இடத்தில். நீங்களே கூட்டிக்கொண்டு போய்விடுவது நல்லது.

அடுத்தது சரிவுக் கணக்கு. இந்த வேலையில் எல்லாம் சதவீதத்தில்தான் பேசப்படும். 100 மீட்டர் கிடையாகப் போய் 10 மீட்டர் ஏறினால் 10 சதவீதம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. செல்பேசிச் செயலிகள் பலவும் டிகிரியில் காட்டும். 10 டிகிரி என்பது 10 சதவீதம் இல்லை, ஏறக்குறைய 18 சதவீதம். 10 சதவீத ஏற்றம் 6 டிகிரிக்கும் சற்றுக் குறைவு. இந்த ஒரு குழப்பத்தில் முழுத் தடமும் கெட்டுப்போகும்.

நினைவில் நிற்க வேண்டிய விதிகள் இரண்டு. ஒன்று, தடத்தின் சராசரி ஏற்றம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மற்றொன்று பாதி விதி: தடத்தின் ஏற்றம், அது குறுக்கே போகும் மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. 1988-இல் தொடங்கிய இம்பா என்ற சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் தன்னார்வலர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பரப்பிய விதிகள் இவை. மலைச்சரிவு 30 சதவீதம் என்றால் தடம் அதிகபட்சம் 15. சரிவு 12 என்றால் தடம் 6. தண்ணீர் எப்போதும் செங்குத்தான வழியைத் தேடும். தடத்தின் ஏற்றம் பாதியைத் தாண்டும்போது சரிவை விடத் தடமே அதற்கு வசதியான வழியாகிவிடுகிறது. நேர் மேலாக மலையேறும் தடங்கள் எல்லாமே அரித்துப்போவது இதனால்தான். 15 சதவீதத்துக்கு மேல் போக வேண்டி வந்தால் சில மீட்டர் தூரத்துக்கு மட்டும், அதுவும் அடியில் பாறையோ கல் பாவிய தரையோ இருந்தால் போங்கள்.

புதியவர்கள் சமதளத்தைப் பார்த்ததும் சந்தோஷப்படுவார்கள். சமதளம்தான் மோசம். அங்கே தடம் மிதிபட்டு ஒரு கை ஆழம் இறங்கியதும் தண்ணீர் வெளியேற வழியே இருக்காது. சேறாகும், சேற்றைச் சுற்றி நடப்பார்கள், தடம் 4 மீட்டர் அகலத்துக்குப் பரவும். கையால் வெட்ட ஏற்ற சரிவு 20 முதல் 50 சதவீதம். 70-க்கு மேல் போனால் தோண்டும் மண்ணும் கட்ட வேண்டிய சுவரும் தன்னார்வலர்கள் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிவிடும்.

நீளத்தைக் கணக்கிடுவது எளிது. 60 மீட்டர் உயரத்தை 8 சதவீதத்தில் ஏற 750 மீட்டர் தடம் வேண்டும். காகிதத்தில் 10 சதவீதத்துக்குத் திட்டமிட்டால் மண்ணில் மாட்டிக்கொள்வீர்கள். நடுநடுவே தடம் சற்று இறங்கி ஏற வேண்டியிருப்பதால் (அதைப் பிறகு பார்ப்போம்) உயரத்தில் கொஞ்சம் வீணாகும். காகிதத்தில் 7 அல்லது 8 வைத்துக்கொண்டால் கைவசம் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

மண்ணில் கோடு போட இரண்டு பேரும் ஒரு கிளைனோமீட்டரும் (கண்ணில் வைத்துப் பார்த்துச் சரிவை அளக்கும் சிறு கருவி) போதும். கருவிக்குள் இரண்டு அளவுகோல் தெரியும். 45-க்கு எதிரே 100 இருந்தால், அந்த 100 இருக்கும் பக்கம்தான் சதவீதம். முதலில் இருவரும் சமதரையில் எதிரெதிரே நின்று, 0 காட்டும் கோடு கூட்டாளியின் உடம்பில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்: மூக்கா, தொப்பி விளிம்பா, மோவாயா. இனி அந்த இடத்தைத்தான் குறிபார்க்க வேண்டும். உயர வித்தியாசத்தை மறந்து கண்ணையே பார்த்தால், 10 மீட்டர் தூரத்தில் 20 செ.மீ. பிசகு 2 சதவீதப் பிழையாகிவிடும். இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும்; ஒன்று கருவிக்குள், மற்றொன்று கூட்டாளி மேல். அவர் 10, 15 மீட்டர் முன்னே போய் நிற்க, நீங்கள் ‘மேலே, இன்னும் மேலே, கொஞ்சம் கீழே’ என்று சொல்லிச் சொல்லி 8 வந்ததும் அங்கே ரிப்பன் கட்டச் சொல்லுங்கள்.

முதல் தடவை கட்டிய கோடு நிற்காது. இரண்டு முனையிலிருந்தும் நடந்து பாருங்கள், முடிந்தால் ஒரு மழையின்போதே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு தடவைக்கும் வேறு நிற ரிப்பன் கட்டுங்கள். வேலையாட்கள் வருவதற்கு முன் பழைய ரிப்பன் ஒன்றுவிடாமல் அவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆர்வக் கோளாறில் யாராவது கைவிட்ட கோட்டில் 10 மீட்டர் வெட்டி வைத்திருப்பார்கள்.

கோடு முடிவானதும் கம்பிக் கொடிகளை 3 மீட்டருக்கு ஒன்றாக நடுங்கள், வளைவில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று. கொடி குறிப்பது தடத்தின் நடுவையா, மலைப்பக்க விளிம்பையா, பள்ளப்பக்க விளிம்பையா என்பதை முடிவு செய்து எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் ஒரு குழு மேலேயும் அடுத்த குழு கீழேயும் வெட்டி, இரண்டும் சேரும் இடத்தில் முக்கால் மீட்டர் ஏணி வைத்த மாதிரி நிற்கும். பள்ளப்பக்க விளிம்பைக் குறிப்பது எங்கள் சிபாரிசு: வேலை முடியும் வரை கொடி அப்படியே நிற்கும்.

பெரிய மரம் குறுக்கிட்டால் அதற்கு மேற்பக்கமாகத் தடத்தைக் கொண்டுபோங்கள். கீழ்ப்பக்கம் வெட்டினால் மரத்தைத் தாங்கும் மண்ணும் வேரும் போய், அது ஒரு நாள் தடத்தின் மேலேயே சாயும்.

காலும் சக்கரமும் ஒரே தடத்தில்

நடப்பவருக்கு எப்படிப் போட்டாலும் ஓரளவு சரியாகிவிடும். சைக்கிளுக்கு அப்படி இல்லை. நீளமான நேர் இறக்கம், அதன் முடிவில் குறுகிய வளைவு: இந்தச் சேர்க்கைதான் எல்லாச் சண்டைக்கும் விபத்துக்கும் மூலம். ஓட்டுபவர் வளைவுக்குச் சற்று முன்னால் பிரேக்கை அழுத்துவார். அதே இடத்தில் ஆயிரம் பேர் அழுத்தினால் அலை அலையாக மேடு பள்ளம் உண்டாகும். அறிவிப்புப் பலகை வைத்து இதைத் திருத்த முடியாது. கோட்டிலேயே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்கு 10 மீட்டர் முன்பே தடம் சற்று ஏறட்டும், அல்லது இரண்டு மரங்களுக்கு நடுவே நெளிந்து போகட்டும். வேகம் தானாக இறங்கியிருக்கும்.

எதிரே வருபவர் 20, 30 மீட்டர் முன்பே தெரிய வேண்டும். தெரியாத வளைவுகளில் உள்பக்கப் புதரைக் கழியுங்கள். இருதரப்பும் போகும் தடத்துக்கு 90 செ.மீ. முதல் 1.2 மீட்டர் அகலம், தலைக்கு மேல் இரண்டரை முதல் 3 மீட்டர் வெற்றிடம் போதும்.

இறங்கி ஏறும் இடங்கள்

இறங்கிக்கொண்டே போகும் தடம் இடையிடையே சற்று மேலேறி, மீண்டும் இறங்க வேண்டும். அந்தத் தாழ்வில் தண்ணீர் வந்து நின்று, முன்னால் ஏற முடியாமல் பள்ளப்பக்கமாக வெளியேறிவிடும். 6 முதல் 15 மீட்டருக்கு ஒன்று வேண்டும். மண் இளகலாகவோ ஏற்றம் அதிகமாகவோ இருந்தால் நெருக்கமாக. ஏறும் பகுதி 3, 4 மீட்டர் நீளமும் 30 செ.மீ.க்குக் குறையாத உயரமும் இருக்கட்டும். அதைவிடச் சிறியதாகச் செய்தால் ஒரு வருடத்தில் மிதிபட்டுத் தரையாகிவிடும். தாழ்வின் வாயை 2 மீட்டராவது அகலமாகத் திறந்துவிடுங்கள். குறுகலான வாய் சருகால் அடைபடும்.

இதைக் கோடு போடும்போதே செய்துவிட வேண்டும், கொடிகளை ஏற்றி இறக்கி நட்டு. வெட்டி முடித்த தடத்தில் பிறகு மண் கொட்டி மேடு செய்வது மூன்று மடங்கு வேலை. இன்னும் சிலர் குறுக்கே மரக்கட்டை புதைத்துத் தண்ணீரைத் திருப்புகிறார்கள். கட்டைக்கு மேற்பக்கம் வண்டல் சேர்ந்து நிரம்பியதும் தண்ணீர் அதன் மேலேயே ஏறி ஓடும், ஈரக்கட்டையில் சைக்கிள் சக்கரம் வழுக்கும். புதுத் தடத்தில் அது வேண்டாம்.

ஆட்களும் கருவிகளும்

எத்தனை பேர் வேண்டும் என்பதை மண்ணின் கணக்கிலிருந்து பார்க்கலாம். 40 சதவீதச் சரிவில் 90 செ.மீ. அகலத்துக்கு முழுவதும் வெட்டி, பின்சுவரையும் சாய்த்தால், ஒரு மீட்டர் நீளத்துக்குக் கிட்டத்தட்ட கால் கன மீட்டர் மண் வரும். எடையில் 350 முதல் 400 கிலோ. இதைக் கையால் வெட்டி, வீசி, இறுக்கி, முடிக்க வேண்டும். சாதாரண மண்ணில் ஒருவர் ஒரு நாளில் 3 முதல் 5 மீட்டர் செய்தால் நல்ல வேலை. வேரும் கல்லும் நிறைந்தால் 2 மீட்டருக்கு இறங்கும். 4 மீட்டர் என்று வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 250 ஆள்நாள். 15 பேர் வந்தால் 17 நாள். வாரம் ஒரு நாள் என்றால் நாலு மாதம். முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள், மூன்றாவது வாரம் ஆட்கள் குறையாமல் இருக்க.

மண்வெட்டி, குந்தாலி, கடப்பாறை, கிளை வெட்டும் கத்தரி, கை ரம்பம், இரும்பு வாரி, கல் தூக்க வலை. இவையே பெரும்பகுதி வேலைக்குப் போதும். வெளிநாட்டுக் குழுக்கள் விரும்பும் இரண்டு கருவிகள் உண்டு: ஒரு பக்கம் கோடாரியும் மறுபக்கம் மண்வெட்டும் அலகும் உள்ள புலாஸ்கி, ஒரு பக்கம் வாரிப் பல்லும் மறுபக்கம் அகலத் தகடும் உள்ள மெக்கிளவுட். இரண்டுமே அமெரிக்க வனக்காவலர்கள் காட்டுத்தீ அணைக்க உருவாக்கியவை. மெக்கிளவுட் கிடைத்தால் வாங்குங்கள், மண்ணை இறுக்கவும் சமன் செய்யவும் அதற்கு இணை இல்லை. எந்தக் கருவியானாலும் முந்தைய நாள் அரம் போட்டுக் கூர் தீட்டி வையுங்கள். மழுங்கிய குந்தாலி வேரில் பட்டுத் துள்ளும். கணுக்காலில் காயம் படுவது அப்படித்தான்.

6 முதல் 8 பேருக்கு விவரம் தெரிந்த ஒரு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும், அவர் மண்வெட்டியைத் தொடாமல் இருந்தால் இன்னும் நல்லது. வேலை செய்பவர்களுக்கு இடையே 3 மீட்டர் இடைவெளி. கருவியைத் தோளில் வைத்து நடக்கக் கூடாது. அலகு கீழ் நோக்கி இருக்க, பள்ளப்பக்கக் கையில் பிடித்து நடக்க வேண்டும். தடுக்கினால் அந்தப் பக்கம் வீசிவிடலாம். கல் உடைப்பவருக்குக் கண்ணாடி, எல்லாருக்கும் கையுறை, மூடிய காலணி, முழுக்கால் சட்டை, தலைக்கு 3 லிட்டர் தண்ணீர். மேலே ஒருவர் கல்லை நகர்த்தும்போது நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது, வேலைக்காக என்றாலும். அவசர வண்டி எதுவரை வரும், அங்கிருந்து வேலையிடம் எவ்வளவு தூரம், அந்த இடத்தின் ஆயத்தொலைவுகள் என்ன என்பது ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு குழுத்தலைவர் பையிலும் இருக்கட்டும்.

வெட்டுவது

முதலில் கழிக்கும் குழு போகட்டும். கிளைகளைத் தண்டோடு சேரும் வீக்கத்துக்குச் சற்று வெளியே வெட்டினால் மரம் காயத்தை மூடிக்கொள்ளும். கிளையின் அடிக்கட்டையை நீட்டி விட்டால் அழுகும். தடத்தின் நடுவில் உள்ள சிறு மரத்தைத் தரையோடு வெட்டிவிடாதீர்கள். இடுப்பு உயரத்தில் வெட்டி, சுற்றிலும் வேரை அறுத்த பிறகு, அந்தத் தண்டையே நெம்புகோலாகப் பிடித்து இழுத்தால் அடிக்கட்டை வேரோடு வந்துவிடும். தரையோடு வெட்டிய கட்டையைத் தோண்டி எடுக்க அரை நாள் போகும். எடுக்காமல் விட்டால் காலை இடறும்.

பிறகு இலைமக்கையும் வேர்ப்பின்னலையும் வாரி எடுத்து மேற்பக்கம் குவித்து வையுங்கள், கடைசியில் தேவைப்படும். அடிமண் தெரியும் வரை எடுக்க வேண்டும். மக்கு மண்ணின் மேல் போட்ட தடம் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மழைக்காலம் முழுக்கச் சேறாகவே இருக்கும்.

இப்போது மலைச்சரிவைக் குடைந்து, ஒரு நீளப் படி போலத் தடத்தின் தளத்தை வெட்டுவது. முழு அகலமும் வெட்டிய, அசையாத மண்ணின் மேல் இருக்க வேண்டும். பாதி வெட்டி, வெட்டிய மண்ணையே பள்ளப்பக்கம் கொட்டிப் பாதி அகலம் உண்டாக்கும் பழக்கம் எல்லாருக்கும் தானாக வரும், ஏனென்றால் வேலை பாதியாகிறது. அந்தக் கொட்டிய மண் அமுங்கும். வெளி விளிம்பில் ஒரு சைக்கிள் சக்கரம் ஏறியதும் உடைந்து கீழே போகும். வெட்டிய மண்ணைக் கீழ்ச்சரிவில் தூர வீசிப் பரப்புங்கள். விளிம்பில் குவித்தால் அதுவே வரப்பாகித் தண்ணீரைத் தடத்துக்குள் அடைத்துவிடும்.

மலைப்பக்கம் நிற்கும் பின்சுவரைச் செங்குத்தாக விட்டால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முதல் மழையில் சரிந்து உள் மூலையை நிரப்பும். நடப்பவர்கள் சரிந்த மண்ணைத் தவிர்க்க வெளி விளிம்புக்கு நகர்வார்கள், விளிம்பு உடையும், இன்னும் நகர்வார்கள். இப்படித் தடமே மெல்ல மலையிறங்கிவிடும். பின்சுவரை 45 டிகிரிக்குச் சாய்த்து மேல்சரிவோடு இழைத்துவிடுங்கள். இறுகிய மண்ணில் இன்னும் செங்குத்தாகவும், மணற்பாங்கில் இன்னும் படுக்கையாகவும் போகலாம். கல்லையோ வேரையோ மலைப்பக்கம் துருத்திக்கொண்டிருக்க விடாதீர்கள், சைக்கிள் மிதிகட்டை அதில் இடிக்கும். வெளிப்பக்கத்தில் அங்கங்கே ஒரு கல்லை விட்டு வைப்பது நல்லது. ஜனங்களை நடுவிலேயே நடக்க வைக்கும்.

தடத்தின் தளம் பள்ளப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும், 5 சதவீதம். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது; சரிவில் நிற்கும்போது சமதளம்கூட வெளியே சாய்ந்த மாதிரிதான் தெரியும், அதனால் எல்லாரும் உள்சாய்வாகவே வெட்டி வைப்பார்கள். ஒரு மீட்டர் நீளச் சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்துத் தடத்துக்குக் குறுக்கே கிடத்துங்கள். குமிழி நடுவுக்கு வர வெளிமுனையை எவ்வளவு தூக்க வேண்டியிருக்கிறதோ அதுதான் சாய்வு: 5 செ.மீ. தூக்கினால் 5 சதவீதம். அதே அளவில் ஒரு மரத்துண்டைச் சட்டத்தின் அடியில் ஆணியடித்து வைத்துக்கொண்டால் குழுவில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். புதுத் தளத்தில் 6, 7 சதவீதமே வைத்தாலும் தப்பில்லை, மிதிபட்டதும் நடுப்பகுதி அமுங்கிச் சாய்வு குறையும். வெளி விளிம்பின் கூர்மையை மழித்து உருட்டிவிடுங்கள்.

இறுக்கும்போது மண் ஈரமாக இருக்க வேண்டும். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. காய்ந்த புழுதி எத்தனை அடித்தாலும் இறுகாது. பள்ளங்களை நிரப்பினால் 10 செ.மீ. அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் அடியுங்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும் 10, 15 மீட்டர் பிரித்துக் கொடுத்து, முழுதும் முடித்த பிறகே அடுத்த துண்டுக்கு விடுங்கள். எல்லாரும் தோண்டத்தான் ஆசைப்படுவார்கள், பின்சுவரைச் சாய்க்க ஆள் இருக்காது. நாள் முடிவில் அரைகுறையாக நிற்கும் துண்டில் இரவு மழை பெய்தால், மறுவாரம் அதைச் செய்வது புதிதாக வெட்டுவதை விடச் சிரமம்.

மேற்பார்வையாளர் கடைசியாக நடக்கும்போது, எடுத்து வைத்த இலைமக்கைப் பின்சுவரின் மேலும் வீசிய மண்ணின் மேலும் தூவச் சொல்ல வேண்டும். மழைத்துளி நேரே மண்ணை அடிக்காது, விதையும் அதிலேயே இருக்கிறது.

சிறிய அகழ் இயந்திரத்துக்கு அனுமதி இருந்தால் வேகம் பல மடங்கு. ஆனால் மேலே சொன்ன அளவுகளில் எதுவும் மாறாது. பின்சுவரையும் விளிம்பையும் இழைக்கக் கை வேண்டியிருக்கும்.

கொண்டை ஊசி, சுவர், ஓடை

கொண்டை ஊசி வளைவை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. ஒன்று கட்ட ஒரு குழுவுக்குப் பல நாள் ஆகும், பராமரிப்பிலும் அதுதான் தலைவலி. சரிவு 10 சதவீதத்துக்குள் இருக்கும் இடத்தில் அகலமான ஏறு திருப்பமே (மேடை இல்லாமல் ஏறிக்கொண்டே திரும்பும் வளைவு) போதும். செங்குத்தான சரிவில் வேறு வழியில்லை. திரும்பும் மேடை 5 சதவீதச் சாய்வுக்குள், சைக்கிள்காரர் கால் ஊன்றாமல் திரும்ப இரண்டரை மீட்டர் ஆரமாவது இருக்க வேண்டும். மேல் கையில் (வளைவுக்கு மேலே உள்ள தடத் துண்டு; கீழே உள்ளது கீழ் கை) மட்டும் தளத்தை மலைப்பக்கமாகச் சாய்த்து, தண்ணீரை மேடையின் பின்னால் வெளியேற்றுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் மேல் கையின் தண்ணீர் வளைவைச் சுற்றி வந்து கீழ் கையில் இறங்கும். வளைவுக்கு முன்னால் ஒரு தாழ்வும் வேண்டும். இரண்டு கைகளும் நெருங்கிக் கிடந்தால் குறுக்கே வெட்டி நடப்பார்கள். இடையில் பாறையோ அடர்ந்த புதரோ இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

கல் சுவர் சிமெண்ட் இல்லாமல் நிற்கும், சரியாக அடுக்கினால். அடிக்கல் அசையாத மண்ணில், தரை மட்டத்துக்குக் கீழே உட்கார வேண்டும். மிகப் பெரிய கல் அங்கேதான். 4 செ.மீ. உயரத்துக்கு 1 செ.மீ. வீதம் சுவர் மலையை நோக்கிச் சாய வேண்டும். கல்லின் நீளப்பக்கம் மலைக்குள் போக வேண்டும், வெளியே காட்டுவதற்காகப் படுக்கப்போடக் கூடாது. இணைப்பின் மேல் இணைப்பு வரக் கூடாது. பின்னால் மண்ணை நிரப்பாமல் சிறு கற்களை நிரப்புங்கள். மண் நீரைப் பிடித்து வைத்துச் சுவரை வெளியே தள்ளும். அடுக்கிய கல்லின் மேல் ஏறி நின்று ஆட்டிப் பாருங்கள். ஆடினால் எடுத்து மறுபடி.

ஓடையைக் கடக்கும் இடம் நேரான, குறுகலான, இரு கரையும் உறுதியான பகுதியாக இருக்கட்டும். தடம் ஒரு கரையில் இறங்கி, மறுகரையில் ஏறியே தீர வேண்டும். ஒரு பக்கம் இறங்கிக்கொண்டே வந்து மறுபக்கமும் இறங்கிக்கொண்டே போனால், ஒரு வெள்ளத்தில் ஓடையே தடத்துக்கு மாறிவிடும். ஓடைப் படுகையிலும் இரு கரை அணுகலிலும் பெரிய தட்டைக் கற்களைச் செங்குத்தாகப் புதைத்துப் பாவுங்கள்.

திறந்த பிறகு

முடிந்ததும் விழா வைக்க அவசரப்படாதீர்கள். மண் இறுகச் சில மழையாவது வேண்டும். அதுவரை சைக்கிளை விடாமல் நடப்பவர்களை மட்டும் விடலாம். முதல் கனமழையன்று குடையோடு போய் முழுத் தடத்தையும் நடந்து, தண்ணீர் நிற்கும் இடம், தடத்தோடு ஓடும் இடம் இரண்டுக்கும் வேறு வேறு நிறக் கொடி நடுங்கள். நிற்கும் இடத்தில் பள்ளப்பக்கமாக 3 மீட்டர் நீளத்துக்கு அரை வட்டமாகத் தளத்தைச் செதுக்கி, நடுவில் 15 சதவீதம் வரை வெளியே சாயும்படி விட்டால் போதும். ஓடும் இடத்தில் பெரும்பாலும் ஒரு தாழ்வு குறைந்திருக்கும்.

தடம் திறந்ததும் குறுக்குவழிகள் முளைக்கும். அவற்றை இரண்டு முனையிலும் கண்ணுக்குத் தெரியாதபடி மறையுங்கள்: 10 மீட்டர் தூரத்துக்குக் கொத்தி, காய்ந்த கிளைகளை நட்டு நிறுத்தி, சருகு பரப்பி. நடுவில் மட்டும் ஒரு கட்டையைப் போட்டால் தாண்டிப் போவார்கள்.

பராமரிப்புக்கு இரண்டு இரண்டு பேருக்கு ஒரு கிலோமீட்டர் வீதம் பிரித்துக் கொடுங்கள். மழைக்காலத்துக்கு முன் தாழ்வின் வாய்களில் அடைந்த சருகையும் வண்டலையும் வார வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் வெளி விளிம்பில் உருவான வரப்பை வெட்டி எடுத்து, ரசமட்டச் சட்டத்தை மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். கையில் ஒரு மண்வெட்டி, ஒரு ரம்பம் இருந்தால் ஒரு காலைப் பொழுதில் முடிகிற வேலை.